தார்ச்சட்டியும் தூரிகையும்: கொழும்புச் சுவர்களில் பெயரில்லா அரசியல்

கொழும்பில் பெயர் போடாமல் சுவரில் எழுதப்படும் அரசியலின் வரலாற்றில், எழுதிய கைகளுக்கு உள்ள இடம் அழித்த கைகளுக்கும் உண்டு. 1958 இல் பெயர்ப்பலகைகளின் தமிழ் எழுத்துகள்மேல் தார் பூசப்பட்டது. 1980களின் இறுதியில் கையால் எழுதிய சுவரொட்டிகள் கடைகளைப் பூட்டவைத்தன. 2019 இல் இளைஞர்கள் நகரமெங்கும் சுவர்களில் ஓவியம் தீட்டினர். 2022 இல் ஜனாதிபதி செயலகத்தின் வாசலிலேயே முழக்கங்கள் எழுந்தன. இவற்றில் பெரும்பாலானவற்றை எழுதியவர் யார், அழித்தவர் யார் என்று ஊருக்குத் தெரியாது. ஆனால் எது எழுதப்படலாம், எது அழிக்கப்படலாம் என்ற வழக்கு கடைசியில் வந்துசேரும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: கொழும்பு 12, புதுக்கடை.

நீதிமன்றங்களின் வட்டாரம்

புறக்கோட்டைக்குக் கிழக்கே, கொட்டாஞ்சேனைக்குத் தெற்கே உள்ள மேட்டு நிலம் புதுக்கடை. போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடிக்க ஒல்லாந்தர் முற்றுகையிட்டிருந்தபோது, 1656 ஏப்ரலில், அவர்களின் தளபதி கெராட் ஹல்ஃப்ட் சுடப்பட்டு இறந்தார். அடுத்த மாதமே கோட்டை வீழ்ந்தது. தளபதியின் பெயரால் அந்த இடம் ஆங்கிலத்தில் இன்றும் ஹல்ஸ்டொர்ப் எனப்படுகிறது. ஆங்கிலேயர் காலத்தில் நீதிமன்றங்கள் இங்கே நிலைகொண்டன. உயர் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் இயங்கும் இன்றைய கட்டடத் தொகுதி 1980களில் சீன உதவியுடன் எழுந்தது. அதைச் சுற்றி மேல் நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம், நீதவான் நீதிமன்றம், சட்டக் கல்லூரி ஆகியன உள்ளன. தெருவின் இரு பக்கமும் சட்டத்தரணிகள், நொத்தாரிசுகள் ஆகியோரின் பெயர்ப்பலகைகள் மும்மொழிகளிலும் தொங்குகின்றன. பகலில் வழக்காளிகளின் கூட்டம். இரவில் கொத்து ரொட்டிக்கும் வாட்டிய இறைச்சிக்கும் வரும் கூட்டம்.

பெயர் சொல்லிப் பேசுவதே இந்த வட்டாரத்தின் தொழில் முறை. வாதி, பிரதிவாதி, சாட்சி என யாராயினும் முழுப்பெயரும் முகவரியும் கொடுத்த பிறகே வாய் திறக்கலாம். அச்சுத் தொழிலுக்கும் இதே விதி உண்டு. 1885 ஆம் ஆண்டின் அச்சிடுவோர், வெளியிடுவோர் கட்டளைச் சட்டம், அச்சிட்ட தாள் எதுவாயினும் அதில் அச்சகத்தின் அடையாளம் இருக்கவேண்டும் என்கிறது. தேர்தல் சட்டங்களும் பிரசாரத் தாளில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர்களைக் கேட்கின்றன. அரசுக்கு விரோதமானது என்று கருதப்பட்ட ஒன்றை அச்சிட்டால் பொலிஸார் முதலில் தட்டும் கதவு அச்சகத்துக் கதவுதான். தூரிகைக்கு அச்சகம் தேவையில்லை. அரசியல் எழுத்து தாளைவிட்டுச் சுவருக்குத் தாவியதற்குச் சிக்கனம் ஒரு காரணம் என்றால், இந்தச் சட்டம் இன்னொரு காரணம்.

சுவரில் எழுதும் பழக்கம் இலங்கைக்குப் பழையது. சிகிரியாவின் கண்ணாடிச் சுவரில், அங்கே தீட்டப்பட்ட பெண்ணோவியங்களைப் பார்க்க வந்தவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் கவிதை கீறிச் சென்றனர். செனரத் பரணவிதான அவற்றில் 685 ஐப் படித்து 1956 இல் இரு தொகுதிகளாக வெளியிட்டார். அந்தக் கவிதைகளை எழுதியவர்களில் பலர் தம் பெயரையும் ஊரையும் தொழிலையும் சேர்த்தே எழுதினர். வந்துபோனதைப் பிறர் அறியவேண்டும் என்பது அவர்களின் விருப்பம். நகரத்து அரசியல் எழுத்து இதற்கு நேர்மாறானது. எழுத்து தெரியவேண்டும், எழுதியவர் தெரியக்கூடாது. பரணவிதானவின் நூல் வெளிவந்த அதே 1956 இல்தான் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் சட்டமும் வந்தது. அது எழுத்தையே சண்டைப் பொருளாக்கியது.

தார்: 1957, 1958

1957 ஜனவரி முதல் வாகன இலக்கத் தகடுகளில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்தைப் பொறிக்கும் விதி நடைமுறைக்கு வந்தது. தமிழரசுக் கட்சி அதை எதிர்த்தது. வடக்கிலும் கிழக்கிலும் அந்த எழுத்தின்மேல் தார் பூசித் தமிழ் 'ஸ்ரீ' எழுதும் போராட்டம் தொடங்கியது. அந்த ஆண்டு ஜூலையில் பண்டாரநாயக்க – செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தானதும் பதற்றம் சற்றுத் தணிந்தது. 1958 ஜனவரியில் பஸ் சேவை தேசியமயமானது. சிங்கள 'ஸ்ரீ' பொறித்த அரச பஸ்கள் மார்ச் மாதத்தில் வடக்குக்கு வந்தபோது தார்ச்சட்டிகள் மீண்டும் வெளியே வந்தன. கட்சித் தலைவர்கள் இதை மறைவாகச் செய்யவில்லை. எஸ். ஜே. வி. செல்வநாயகமே மட்டக்களப்பில் வெளிப்படையாகத் தார் பூசிச் சிறைக்குப் போனார். சட்டத்தை மீறுவதும் மீறியவர் தாமே என்று பெயர் கொடுப்பதும் சத்தியாக்கிரகத்தில் பிரிக்க முடியாதவை.

தமிழ் வாசகருக்கு இந்த முறை புதிதாக இருந்திருக்காது. தமிழ்நாட்டில் 1952 ஓகஸ்ட் 1 அன்று, பெரியார் ஈ. வெ. ரா. விடுத்த அழைப்பின்பேரில், ரயில் நிலையப் பெயர்ப்பலகைகளின் இந்தி எழுத்துகள் தாரால் அழிக்கப்பட்டன. 1953 ஜூலையில் டால்மியாபுரம் ரயில் நிலையத்தில் கல்லக்குடி என்ற பெயரை ஒட்டச் சென்ற மு. கருணாநிதி தண்டவாளத்தில் படுத்துக் கைதானார். அங்கும் தார் பூசியவர் கூட்டம் கூட்டி, நாள் குறித்து, பெயர் சொல்லிச் செய்தார்.

கொழும்பில் வந்த பதிலடி அப்படியானதன்று. 1958 மார்ச் இறுதியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் தார் வாளிகளோடு கும்பல்கள் தெருத்தெருவாகச் சென்றன. கடைப் பெயர்ப்பலகைகள், அரச அலுவலகப் பலகைகள், பஸ்கள் ஆகியவற்றில் இருந்த தமிழ் எழுத்துகள் கறுப்பாயின. தெற்கின் பிற நகரங்களிலும் இது நடந்தது. அந்த ஆண்டின் கலவரத்தை 'எமர்ஜன்சி 58' என்ற நூலில் எழுதிய பத்திரிகையாளர் டார்சி விட்டாச்சி, கலவரத்துக்கு இட்டுச்சென்ற படிகளில் இந்தத் தார்ப் பூச்சையும் சேர்த்தார். ஏப்ரல் 9 அன்று, பிக்குகள் பிரதமரின் வீட்டின்முன் அமர்ந்து எதிர்ப்புக் காட்டியதை அடுத்து, பண்டாரநாயக்க ஒப்பந்தத்தைக் கைவிட்டார். மே இறுதியில் வன்முறை வெடித்தது. மே 27 அன்று அவசரகால நிலை பிறப்பிக்கப்பட்டது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற இடங்களில் வாழ்ந்த தமிழர் பலர் அகதி முகாம்களிலிருந்து கப்பலேறி யாழ்ப்பாணம் போனார்கள்.

ஒரே பொருள், ஒரே செயல். ஆயினும் இரண்டுக்கும் நடுவே இருந்த வேறுபாடு பெயர் கொடுத்ததிலும் மறைத்ததிலும் தெரிந்தது. வடக்கில் பூசியவர்கள் அதிகாரமற்றவர்கள். தம் பெயரைக் கொடுத்துத் தண்டனையை ஏற்றார்கள். கொழும்பில் பூசியவர்கள் பெரும்பான்மையின் பலத்தில் நின்றவர்கள். பெயரைக் கொடுக்கவேண்டிய தேவையே அவர்களுக்கு வரவில்லை. பெயரில்லாத கை எப்போதும் எளியவரின் கையாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் கொழும்பில் தொடக்கத்திலேயே பொய்த்துப்போயிற்று.

எழுத்துச் சண்டையின் இன்னொரு முகம் தாளில் நடந்தது. சிங்களத் தேர்ச்சி இல்லை என்பதற்காகச் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட அரச எழுதுவினைஞர் கோடீஸ்வரன், 1962 இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். ஆட்சிமொழிச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று 1964 இல் தீர்ப்பு வந்தது. மேன்முறையீட்டில் உயர் நீதிமன்றம் அதை வேறொரு காரணத்தால் மாற்றியது. பின் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. தெருவில் தாரால் எழுப்பப்பட்ட கேள்வியைப் புதுக்கடை பெயரோடும் இலக்கத்தோடும் விசாரித்தது.

பலகையை அழித்தால் பயங்கரவாதம்

தார் காலத்தின் தடம் ஒரு சட்டத்தில் தங்கியிருக்கிறது. 1979 ஜூலையில் ஜே. ஆர். ஜயவர்தனவின் அரசு கொண்டுவந்த 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 2 ஆம் பிரிவு குற்றங்களைப் பட்டியலிடுகிறது. கொலை, ஆட்கடத்தல், ஆயுதச் சேகரிப்பு ஆகியவற்றோடு, நெடுஞ்சாலையிலோ தெருவிலோ வேறு பொது இடத்திலோ உள்ள பலகையில் அல்லது பொருத்தில் காணப்படும் சொற்களையோ எழுத்துகளையோ சட்ட அதிகாரமின்றி அழிப்பதும் உருக்குலைப்பதும் அதே பட்டியலில் இடம்பெற்றன. இந்தக் குற்றத்துக்கான தண்டனை 5 ஆண்டுக்குக் குறையாத, 20 ஆண்டுக்கு மேற்படாத சிறை. பேச்சாலோ எழுத்தாலோ கண்ணுக்குத் தெரியும் சித்திரிப்பாலோ இன, மத நல்லிணக்கமின்மையை உண்டாக்குவதும் அதே அளவு தண்டனைக்குரியதாயிற்று.

மூன்றாண்டுக்கென்று வந்த அந்தச் சட்டம் 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது. பயங்கரவாதம் என்றால் துப்பாக்கியும் குண்டும் நினைவுக்கு வரும் வாசகருக்கு இந்த உட்பிரிவு வியப்பளிக்கலாம். 1958 இன் தெருக்களை அறிந்தவருக்கு அளிக்காது. தார்த் தூரிகை எப்படிக் கலவரமாக மாறும் என்பதை அந்தத் தலைமுறை கண்டிருந்தது. ஆனால் தார் பரவலாகப் பூசப்பட்ட காலத்தில் தடுக்காத அரசு, இருபது ஆண்டு கழித்து, தமிழ் இளைஞர் கிளர்ந்த வேளையில்தான் அதைப் பெருங்குற்றமாக்கியது. 1987 நவம்பரில் 13 ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. பலகைகளில் தமிழ் சட்டப்படி இடம்பெற்றது; அதன் எழுத்துப் பிழைகள் மட்டும் இன்றுவரை ஓயாத முறைப்பாடாக இருந்துவருகின்றன.

சுவரொட்டி ஆணையிட்ட காலம்

பெயரில்லா எழுத்தின் இருண்ட பக்கத்தைத் தெற்கு 1987 முதல் 1989 வரை கண்டது. இந்திய – இலங்கை உடன்படிக்கை 1987 ஜூலையில் கைச்சாத்தான பின், மக்கள் விடுதலை முன்னணி தன் இரண்டாவது ஆயுதக் கிளர்ச்சியைத் தொடங்கியது. 1983 கலவரத்தின் பின் தடை செய்யப்பட்டிருந்த அந்தக் கட்சிக்குப் பத்திரிகையோ மேடையோ இல்லை. 'தேசப்பற்றுள்ள மக்கள் இயக்கம்' என்ற பெயரில் கையால் எழுதிய சுவரொட்டிகளும் துண்டுச்சீட்டுகளும் அதன் குரலாயின. இரவில் ஒட்டப்பட்ட தாள் காலையில் சட்டமாயிற்று. இன்ன நாள் கடை திறக்கக்கூடாது, பஸ் ஓடக்கூடாது, இந்தியப் பொருள் விற்கக்கூடாது என்று அது சொல்லும். பம்பாய் வெங்காயமும் மைசூர்ப் பருப்பும் தடைப் பட்டியலில் இருந்தன. கொல்லப்பட்டவரின் சவப்பெட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செல்லக்கூடாது என்ற ஆணையும் வந்தது. மீறியவரைச் சுட்டார்கள்.

தாளில் கையொப்பம் இல்லாததே அதன் பலம். யார் எழுதியது என்று தெரியாததால், யாரிடமும் போய் முறையிட முடியாது. பொய்யா மெய்யா என்று விசாரிக்கவும் முடியாது. தனிப்பட்ட பகை தீர்க்க எழுதிய சீட்டும் இயக்கத்தின் சீட்டும் ஒரே மாதிரித்தான் இருந்தன. கடைக்காரர் எதையும் நம்பியாகவேண்டும்.

அரச தரப்பும் அதே வழியைக் கையாண்டது. கறுப்புப் பூனைகள், மத்திய மலைநாட்டுக் கழுகுகள், மக்கள் புரட்சிச் செஞ்சேனை என்ற பெயர்களில் இயங்கிய நிழற்குழுக்கள் கொல்லப்பட்டவர்களின் உடல்களுக்கு அருகே எச்சரிக்கைத் தாள்களை விட்டுச்சென்றன. சுவரொட்டி ஒட்டியதாகச் சந்தேகிக்கப்பட்ட இளைஞர்கள் காணாமற்போனார்கள். அவசரகால ஒழுங்குவிதிகள் ஒட்டுவதையும் வைத்திருப்பதையும் குற்றமாக்கின. ஒரே சுவரில் இரு தரப்பும் பெயரின்றி எழுத, வழிப்போக்கர் இரண்டையும் பார்க்காதவர்போல நடந்தார்.

இதன் பாரம் புதுக்கடையிலும் இறங்கியது. பிடித்துச் செல்லப்பட்டவர்களுக்காக ஆட்கொணர்வு மனுக்களைத் தாக்கல்செய்த சட்டத்தரணிகளுக்குப் பெயரில்லா மிரட்டல்கள் வந்தன. சட்டத்தரணி விஜேதாச லியனாராச்சி 1988 செப்டெம்பரில் பொலிஸ் காவலில் சித்திரவதைக்கு ஆளாகி இறந்தார். 1989 இல் சரித லங்காபுரவும் காஞ்சன அபயபாலவும் சுட்டுக் கொல்லப்பட்டனர். இறந்த மூவரும் மனுக்களில் தம் பெயரைக் கையொப்பமிட்டு நின்றவர்கள்.

பீப்பாய்களும் மௌனமும்

1990களில் நகரத்தின் பொதுவெளியை அதிகமாகத் தீட்டியது இராணுவம். மத்திய வங்கிக் குண்டுவெடிப்புக்கு (1996 ஜனவரி 31) பின் சோதனைச் சாவடிகள் பெருகின. தார்ப் பீப்பாய்களுக்குப் பச்சையும் மண்ணிறமுமான இராணுவ வண்ணம் பூசி வீதிகளை மறித்தார்கள். நாளடைவில் அந்த வண்ணம் நகரத்தின் இயல்பான நிறமாயிற்று. இதைக் கலைக்கு எடுத்தவர் ஓவியர் சந்திரகுப்த தேனுவர. 1997 இல் அதே பீப்பாய்களைக் காட்சிக்கு வைத்து, அந்த முறைக்குப் 'பீப்பாயியம்' என்று பொருள்படப் பெயரிட்டார். கறுப்பு ஜூலையை நினைவுகூர்ந்து ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 23 அன்று கண்காட்சி தொடங்குவது அவரது வழக்கம். எம்பிலிப்பிட்டியில் காணாமலாக்கப்பட்ட மாணவர்கள் நினைவாகப் பாராளுமன்றத்துக்கு அருகே அவர் வடிவமைத்த நினைவிடம், பிற்கால நகர அழகுபடுத்தலின்போது இல்லாமற்போயிற்று. பெயர் போட்டுச் செய்த எதிர்ப்புக்கும் அழிப்பிலிருந்து விலக்குக் கிடைக்கவில்லை.

தமிழ் மக்கள் செறிந்து வாழும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் போர்க்காலச் சுவர்களில் அரசியல் தமிழ் அநேகமாக இல்லை. மரண அறிவித்தல், கோயில் திருவிழா, தனியார் வகுப்பு, திரைப்படம் ஆகியவற்றின் தாள்களே ஒட்டப்பட்டன. பொலிஸ் பதிவும் இரவுச் சுற்றிவளைப்பும் நடந்த தெருக்களில் ஒரு வரி எழுதுவதன் விலை எல்லாருக்கும் தெரியும். 2007 ஜூன் 7 அன்று, தகுந்த காரணமின்றித் தங்கியிருப்பதாகச் சொல்லி, விடுதிகளில் இருந்த 376 தமிழரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வெளியே அனுப்பினர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல்செய்த மனுவின்பேரில், மறுநாளே புதுக்கடையில் உயர் நீதிமன்றம் வெளியேற்றத்தை நிறுத்தும் இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. மறைந்து சுவரில் எழுத முடியாத மக்களுக்கு, பெயரிட்டு எழுதும் மனுவே அப்போது எஞ்சியிருந்த வழி.

சுவர் இடித்த நகரமும் சுவர் தீட்டிய இளைஞரும்

போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. அடுத்த ஆண்டு நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின்கீழ் வந்தது. அமைச்சின் செயலாளர் கோட்டாபய ராஜபக்ஷ. கொழும்பு அழகுபடுத்தப்பட்டது. பொதுக் கட்டடங்களையும் பூங்காக்களையும் சுற்றியிருந்த மதில்கள் பல இடங்களில் இடிக்கப்பட்டன. நடைபாதைகளும் புல்வெளிகளும் வந்தன. சுவரொட்டிகளை உடனுக்குடன் அகற்றினார்கள். நகரம் அழகாயிற்று என்று பலர் மகிழ்ந்தது உண்மை. எழுதுவதற்கான இடம் சுருங்கியதும் உண்மை. ஆளுங்கட்சியினரின் ஆளுயரக் கட்அவுட்டுகளுக்கு மட்டும் இடம் குறையவில்லை. கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் 2010 மே மாதத்தில் வீடுகளே இடிக்கப்பட்டன. அந்த வட்டாரத்தில் வளர்ந்த ஓவியர் ஃபிரி ரஹ்மான் பின்னாளில் தோழர்களோடு சேர்ந்து, அங்கு வாழும் சாதாரண மக்களின் உருவங்களைச் சுவர்களில் வரைந்தார். எவர் இந்த இடத்துக்கு உரியவர் என்பதை முழக்கமின்றிச் சொன்ன அரசியல் அது.

2019 நவம்பர் 16 தேர்தலில் கோட்டாபய ராஜபக்ஷ ஜனாதிபதியானதும் எதிர்பாராத ஒன்று நடந்தது. சில நாட்களுக்குள் இளைஞர் குழுக்கள் நாடெங்கும் சுவர்களைச் சுத்தம்செய்து ஓவியம் தீட்டத் தொடங்கினர். தேர்தல் சுவரொட்டிகள் உரிக்கப்பட்ட இடங்களில் துட்டகைமுனு, இராவணன், இராணுவ வீரர், வயல், யானை, கிரிக்கெட் வீரர் என உருவங்கள் தோன்றின. பல இடங்களில் வரைந்தவர்கள் தம் கைக்காசில் வண்ணம் வாங்கினார்கள். தெருச்சுவரில் வரைபவர் அரசை எதிர்ப்பவர் என்ற பொதுவான எண்ணத்துக்கு மாறாக, இது வெற்றி பெற்றவரை வரவேற்ற தெருக்கலை. யாரும் தடுக்கவில்லை, பொலிஸாரும் உள்ளூர்ச் சபைகளும் பாராட்டினர். யாழ்ப்பாணத்திலும் இளைஞர்கள் சுவர்களில் தம் ஊரின் அடையாளங்களை வரைந்தனர். போர் வெற்றியைக் கொண்டாடிய தெற்கின் சுவர்களில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடம் எங்கே என்ற கேள்வி அப்போதே எழுந்தது. அனுமதி தேவைப்படாத ஓவியங்கள் யாருடையவை என்பதே அந்தக் கேள்விக்கான பதிலாகவும் இருந்தது.

காலிமுகத்திடல், 2022

இரண்டரை ஆண்டில் காற்று திசைமாறியது. எரிபொருளும் மருந்தும் மின்சாரமும் இல்லாத நிலையில், 2022 மார்ச் 31 இரவு மிரிஹானையில் ஜனாதிபதியின் இல்லத்தை மக்கள் சூழ்ந்தனர். கைதானவர்களுக்காக நூற்றுக்கணக்கான சட்டத்தரணிகள் கட்டணமின்றி முன்னிலையாயினர். ஏப்ரல் 9 அன்று காலிமுகத்திடலில், ஜனாதிபதி செயலகத்தின் முன்னே, போராட்டக்காரர்கள் கூடாரமிட்டு 'கோட்டா கோ கம' என்று பெயரிட்டனர். நூலகம், வகுப்பறை, ஓவியக்கூடம் எல்லாம் முளைத்தன. தார் வீதியும் தடுப்புச் சுவரும் அட்டைப்பெட்டி மட்டைகளும் எழுதும் பலகைகளாயின. தமிழரசுக் கட்சியினர் 1956 ஜூன் 5 அன்று சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்து அமர்ந்து அடிவாங்கிய அதே திடலில், இப்போது சிங்களத்தோடு தமிழிலும் முழக்கங்கள் எழுதப்பட்டன. மே 18 அன்று முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களை நினைவுகூர்ந்து அங்கே கஞ்சி வழங்கப்பட்டது. கொழும்பின் நடுவில் அதுவரை நினைத்துப் பார்க்க முடியாத காட்சி அது. ஆயினும் காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் ஆண்டுக் கணக்காகத் தெருவோரம் இருந்தபோது எங்கே போயிருந்தீர்கள் என்ற கேள்வி வடக்கிலிருந்து வந்துகொண்டேயிருந்தது.

பெயரில்லாமை இங்கே மூன்றாவது வடிவம் எடுத்தது. 1958 இன் கும்பலுக்குப் பலம் தந்ததும் 1988 இன் சீட்டுக்கு அச்சம் தந்ததும் 2022 இல் பங்காளிகளைத் தந்தது. யாரும் உரிமை கோராததால் ஒரு முழக்கத்தை யாரும் எடுத்தாளலாம், திருத்தலாம், மொழிமாற்றலாம். எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லாததால் எந்தக் கட்சியையும் விலைபேசி அதை அடக்க முடியாது. எல்லாரும் எழுதியதால் ஒருவரைப் பிடித்து நிறுத்தவும் முடியாது.

மே 9 அன்று அரச ஆதரவாளர்கள் கூடாரங்களைத் தாக்கினர். ஜூலை 9 அன்று மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தனர். ஜூலை 14 அன்று, நாட்டைவிட்டுச் சென்றிருந்த கோட்டாபய பதவி விலகினார். ஜூலை 22 விடியுமுன் படையினர் செயலகத்தின் முன்பகுதியைக் கைப்பற்றினர். ஓகஸ்டில் எஞ்சிய கூடாரங்களும் போயின. பின் சுவர்கள் கழுவப்பட்டு வெள்ளை பூசப்பட்டன. எழுத்துகளோடு தொடர்புபட்ட பெயர்களைத் தேடும் வேலை தொடங்கியது. அனைத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றிய அழைப்பாளர் வசந்த முதலிகே ஓகஸ்ட் 18 அன்று கைதாகி, 1979 இன் அதே பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் தடுத்துவைக்கப்பட்டார். 2023 ஜனவரி இறுதியில் கொழும்பு நீதவான் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் கீழான குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தது. அதே ஆண்டு நவம்பர் 14 அன்று உயர் நீதிமன்றம், பொருளாதார நெருக்கடிக்குக் காரணமாக இருந்து பொதுமக்கள் நம்பிக்கையை மீறியோர் என்று ராஜபக்ஷ சகோதரர்கள் உள்ளிட்டோரை, பெரும்பான்மைத் தீர்ப்பில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. அட்டைகளில் கையொப்பமின்றி எழுதப்பட்ட குற்றச்சாட்டு பத்தொன்பது மாதங்களில் புதுக்கடையில் தீர்ப்பு வாசகமாயிற்று.

பெயரின்மையின் ஈர்ப்பு

உலகில் இன்று பெயரில்லாத் தெருக்கலைஞர் என்றதும் நினைவுக்கு வருபவர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1990களில் வரையத் தொடங்கிய பேங்க்ஸி. 2025 செப்டெம்பர் 8 அன்று லண்டனின் அரச நீதிமன்றக் கட்டடச் சுவரில், கீழே விழுந்து கிடக்கும் போராட்டக்காரரை நீதிபதி சுத்தியலால் அடிக்கும் அவரது ஓவியம் தோன்றியது. பலஸ்தீன ஆதரவு அமைப்பொன்றின் தடையை எதிர்த்துக் கூடிய நூற்றுக்கணக்கானோர் கைதாகி இரண்டு நாளே ஆகியிருந்தது. பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் அதிகாரிகள் ஓவியத்தை உடனே மறைத்து, பின் சுரண்டி அழித்தனர். அழித்த இடத்தில் உருவத்தின் கறை தங்கிவிட, அந்தக் கறையின் படமும் உலகெங்கும் பரவியது.

பேங்க்ஸியின் முகமூடி ஒரு தனி ஆளை மறைக்கிறது. அதனாலேயே அந்த ஆளுக்குப் புகழும் அவரது படைப்புக்கு ஏலவிலையும் ஏறுகின்றன. எந்தச் சுவர் அவருடையது என்று அவரே உறுதிசெய்வதால், பெயர் தெரியாவிட்டாலும் கையொப்பம் உண்டு. கொழும்பில் அத்தகைய ஒற்றைக் கலைஞர் உருவாகவில்லை. இங்கே பெயரின்மை கலை உத்தியாக வளராமல், பிழைத்திருக்கும் வழியாகவோ தப்பித்துக்கொள்ளும் வழியாகவோ இருந்தது. அதனால் கொழும்புச் சுவரை மதிப்பிடக் கலையழகை அளவுகோலாகக் கொண்டால் போதாது. பெயரை மறைத்தவர் யாருக்கு அஞ்சி மறைத்தார் என்று பார்க்கவேண்டும். அரசுக்கு அஞ்சியவரின் எழுத்து வேறு, யாருக்கும் அஞ்சத் தேவையில்லாதவரின் எழுத்து வேறு, பிறரை அஞ்சவைக்க எழுதப்பட்டது வேறு. மூன்றும் ஒரே சுவரில், ஒரே தூரிகையால் எழுதப்படலாம்.

2024 செப்டெம்பர் தேர்தலில் மக்கள் விடுதலை முன்னணியின் தலைவர் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார். ஒரு காலத்தில் இரவில் ஒட்டிய தாளால் நகரை ஆட்டிவைத்த கட்சி, சுவர்களைச் சுத்தமாக வைத்திருக்கவேண்டிய அரசாயிற்று. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவது அதன் தேர்தல் வாக்குறுதிகளில் ஒன்று. அந்த நீக்கம் நடந்தால் துப்பாக்கிக் குற்றங்களோடு சேர்த்து வைக்கப்பட்ட பலகை எழுத்து உட்பிரிவும் போகும். சுவரில் எழுதியதும் அழித்ததும் அதன்பின் சாதாரணக் குற்றவியல் சட்டத்துக்கும் 1982 ஆம் ஆண்டின் பொதுச்சொத்துச் சட்டத்துக்கும் மாநகர சபையின் விதிகளுக்கும் உட்பட்ட விடயமாகவே இருக்கும்.